அடித்துவிட்டு ஒரு சுருக்கொப்பம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. வீடு கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. ஜாஸ் பியானோ கற்றுக்கொள்கிறேன் என்று காலை நடை நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர், "டாக்டர் எழுதிக் கொடுத்தாரா?" என்று கேட்டார். கேலிதான். ஆனால் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

மூன்று வருடத்துக்கு முன் லேசாக ஒரு பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பியது, கால் தப்பியது. இடது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுவாள். அவள் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் தினமும் காலையில் கூசும். ரப்பர் பந்தை அமுக்கு, களியை உருட்டு என்று பயிற்சி கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் சலித்துவிட்டது. பிசியோதெரபிக்கு வந்த பெண் ஒரு நாள் அலமாரி மேல் துணி மூடிக் கிடந்த கீபோர்டைப் பார்த்தாள். பேரன் கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுப்போனது. "இதை வாசிச்சாலும் விரலுக்குப் பயிற்சிதானே சார்?" என்றாள்.

அப்படித்தான் குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். வயது இருபத்தாறு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பவர். என்னை "அங்கிள்" என்பார், நான் "தம்பி" என்பேன்.

முதல் நாளே குழப்பம். "சி வாசிங்க அங்கிள்" என்றார். வாசித்தேன். "இல்ல, சி" என்றார். மறுபடியும் அதையே வாசித்தேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்குச் சுரங்கள் தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி. ஆங்கிலத்து 'சி' எங்கள் தோ. எங்கள் சி, ஆங்கிலத்துக்கு 'பி'. இருவரும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், ஒரு கட்டை தள்ளி. விஷயம் புரிந்ததும் தம்பி வெகுநேரம் சிரித்தார்.

இரண்டாம் மாதம் ஒரு பாட்டு எடுத்து வந்தார். ஜாஸ் பழகுகிறவர்கள் எல்லோரும் தொடக்கத்தில் வாசிப்பது, பெயர் 'ஆட்டம் லீவ்ஸ்' என்றார். நான்கு சுரம் வாசித்ததுமே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது அமெரிக்கப் பாட்டே இல்லை. 'லே ஃபேய் மோர்த்', உதிர்ந்த சருகுகள். ஜோசஃப் கோஸ்மா 1945-ல் மெட்டுப் போட்டது. எழுதியவர் ழாக் பிரெவேர். ஆங்கில வரிகள் பிறகுதான் வந்தன. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய ஒரு சொல்தா இருந்தார். சாயங்காலம் திண்ணைப் பக்கம் கிராமபோனை வைத்து, இவ் மோந்தான் பாடிய இந்தப் பாட்டைப் போடுவார். நாங்கள் தெருவில் கோலி ஆடிக்கொண்டே கேட்போம். அறுபது வருடம் கழித்துத் தாம்பரத்தில், கீபோர்டுக்குள்ளிருந்து அது வந்தது.

"இடது கை ஒத்துழைக்காது தம்பி" என்றேன். "ரெண்டு சுரம் போதும் அங்கிள்" என்றார். ஒரு கார்டில் நான்கு சுரம் இருந்தாலும், அதன் குணத்தைச் சொல்வது மூன்றாவதும் ஏழாவதும்தானாம். மற்றதை விட்டுவிடலாம். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று மூன்று கார்டு வரிசையாக வரும். ஜாஸில் அடிக்கடி வரும் நடை இது. என் கணக்கில் சொல்கிறேன். முதலாவதற்கு ஃபாவும் தோவும். இரண்டாவதற்கு ஃபா அப்படியே இருக்க, தோ மட்டும் அரைப்படி இறங்கிச் சி ஆகும். மூன்றாவதற்குச் சி அப்படியே இருக்க, ஃபா மட்டும் அரைப்படி இறங்கி மி ஆகும். ஒரு நேரத்தில் ஒரு விரல் நகர்ந்தால் போதும். என் கைக்காகவே யாரோ செய்துவைத்தது போல இருந்தது.

கஷ்டம் வலது கையில்தான் வந்தது. "மெட்டு போதும், இனிமே உங்க சொந்தமா வாசிங்க" என்றார் தம்பி. கை கட்டையின் மேலே நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் திக்தே உண்டு. மிஸ்யே சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஒரு பிழைக்கு நான்கு மதிப்பெண் போகும். ஐந்து பிழை என்றால் இருபதும் போய்ப் பூஜ்யம். அதற்குப் பிறகு முப்பத்தாறு வருடம் அரசாங்கக் குமாஸ்தா வேலை. எந்தக் கோப்பிலும் முன்னுதாரணம் தேடி, அதே வாசகத்தில் வரைவு எழுதி, மேலே அனுப்பியவன். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால் சூப்பரிண்டெண்ட் சிவப்பு மையால் சுழிப்பார். அப்படிப்பட்டவனைப் போய் "உங்க சொந்தமா" என்றால்?

நம் கச்சேரியிலும் கற்பனை ஸ்வரம் உண்டே என்று யோசித்துப் பார்த்தேன். ஆனால் அங்கே ராகம் ஒன்றுதான். அதற்குள் எங்கே சுற்றினாலும் எடுப்புக்கு வந்து சேர்ந்தால் சரி. இங்கே கார்டு அடியில் மாறிக்கொண்டே இருக்கிறது. முதல் நான்கு எண்ணிக்கையில் இனித்த சுரம் அடுத்த நான்கில் கசக்கும். முப்பத்திரண்டு பார் முடிந்து தலைக்கு வந்தால், மறுபடி முதலிலிருந்து.

இரண்டு சங்கீதக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்துவிடவில்லை. 1958-ல் டேவ் புரூபெக் தன் குழுவோடு மதராஸ் வந்தபோது, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு அவர்கள் அசந்துபோனார்கள். அடுத்த வருடம் வந்த அவர்களுடைய 'டேக் ஃபைவ்', நம் கண்டசாபு போல ஐந்து எண்ணிக்கைப் பாட்டு. அதனால்தான் இது என்று முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் கேட்டால் நம் கை தானாகத் தாளம் போடும். சென்னையிலேயே இருந்து ஜாஸ் பியானோ வாசித்த மாதவ் சாரி 2015-ல் காலமானார். ரயிலேறிப் போய் ஒரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தம்பி வழி சொல்லிக்கொடுத்தார். முதலில் மூன்றே சுரம். அதை வைத்துக்கொண்டு பேசுவது போல வாசிக்க வேண்டும். பேச்சில் மூச்சு விடுவது போல இடம் விட வேண்டும். "தப்பா ஒண்ணு பட்டா?" என்று கேட்டேன். "நிறுத்தாதீங்க. தப்பான சுரத்துக்கு அரைப்படி பக்கத்துல சரியான சுரம் ஒண்ணு இருக்கும். அங்க போயிடுங்க. அப்ப அந்தத் தப்பும் வேணும்னே வாசிச்ச மாதிரி ஆயிடும்."

இது எனக்குத் தெரிந்த விஷயம்தான் என்று அன்று இரவு தோன்றியது. பணிப்பதிவேட்டில் பிழை வந்தால் சுரண்டக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். அழித்தால்தான் குற்றம். அடித்து ஒப்பமிட்டால் அதுவும் ஆவணம். முப்பத்தாறு வருடம் இதைச் செய்துகொண்டே, பிழைக்குப் பயந்தும் இருந்திருக்கிறேன்.

போன டிசம்பரில் தம்பி தன் மாணவர்களை வைத்து ஒரு சின்னக் கச்சேரி நடத்தினார். எட்டு வயது, பத்து வயதுக் குழந்தைகள், நடுவில் நான். மெட்டை ஒரு சுற்று வாசித்தேன். இரண்டாவது சுற்று என் சொந்தம். பாதியில் இடது சுண்டுவிரல் மரத்துப் போய்ப் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. கரகரவென்று ஒரு சத்தம். பழைய ஆளாக இருந்தால் எழுந்து வந்திருப்பேன். விரலை அரைப்படி நகர்த்தினேன். அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதே கரகரப்பை வேண்டுமென்றே ஒரு முறை வாசித்து, அதே போல நகர்த்தினேன். தம்பி மட்டும் சிரித்தார்.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் மனைவி கேட்டாள்: "நடுவுல ரெண்டு தடவ ஒரு மாதிரி வந்துச்சே, அது நல்லா இருந்துச்சுங்க. அது பாட்டுலயே இருக்கா?"

"இல்ல, நான் போட்டது" என்றேன்.

சுண்டுவிரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. மேலே இருக்கும் இரண்டு பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன். மற்றது இன்னும் அவள் கையில்தான்.