ஒலிக்கோப்பு இல்லாத ஐந்து மாலைகள்

சென்ற மார்கழியில் கள ஆய்வுக்காக இருபத்திரண்டு நாள்கள் தனியே பயணம் செய்தேன். வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி வழியாகச் சென்று, கடைசி வாரம் கோலார் தங்கவயலில் தங்கினேன். வட ஆர்க்காட்டிலிருந்து தங்கச் சுரங்கத்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பேசும் தமிழே என் ஆய்வுப்பொருள். அதுவரை இரவுகளில் எனக்குத் துணையாக இருந்தவை, பகலில் நான் பதிவு செய்த குரல்கள் மட்டுமே.

அந்த வாரம் பெங்களூரில் ஆவணங்களைப் பார்த்துவிட்டு, மாலையில் மாரிக்குப்பம் ரயிலில் திரும்புவேன். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்பதித்த சுரங்கம், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர்களின் பிள்ளைகள், இப்போது நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள்.

முதல் மாலை, ஓர் அக்கா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். கூடவே என் மடியில் ஒரு பிடி அவரைக்காயையும் போட்டார். "கை சும்மாதானே இருக்கு, உரி பாப்பா." மறுநாள் பிதுக்கம்பருப்புக் குழம்புக்காம். ஒலிப்பதிவுக் கருவி பையிலேயே கிடந்தது. என்னைச் சுற்றிலும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கின. நான் தேடி வந்த பேச்சு அதுதான்.

ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் ஒருவர் கேட்டார்: "தனியாவா சுத்துறே? கீழே எங்களைத் தனி ஆளா வுட மாட்டாங்கம்மா. மேலே இருக்கிறவங்களுக்குத்தான் அந்தத் தைரியம்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மூன்றாம் நாள் மனம் கேட்கவில்லை. ஒப்புதல் படிவத்தை எடுத்து நீட்டினேன். அக்கா அதைப் புரட்டிப் பார்த்தார். "இதுல கையெழுத்துப் போட்டுட்டா, நீ அவரைக்காய் உரிப்பியா, இல்ல எழுதிக்கிட்டு இருப்பியா?" படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். கையெழுத்திட்ட நொடியில் அவர் என் தகவலாளர் ஆகியிருப்பார்.

'துணை' என்னும் சொல்லுக்கு உடன்வருபவர் என்பதோடு அளவு என்ற பொருளும் உண்டு. 'இத்துணை', 'அத்துணை' என்கிறோம். பங்காரப்பேட்டையில் சிலர் இறங்குவர், கோரமண்டலில் சிலர். உரிகத்தில் நான் இறங்க, அக்கா மாரிக்குப்பம் வரை செல்வார். துணைக்கு எல்லை உண்டு. அதனால் அது குறைந்துவிடுவதில்லை.

அந்த ஐந்து மாலைகளுக்கு ஒலிக்கோப்பு எங்கே என்று நெறியாளர் கேட்டார். பயணியாகச் சென்றேன் என்றேன். கிடைத்த தரவைக் கைவிட்டது பிழை என்று ஆய்வு நண்பர்கள் கூறக்கூடும். எனக்கும் அந்த ஐயம் முற்றிலும் நீங்கவில்லை.

கடைசி மாலை, உரித்த அவரையில் பாதியை ஒரு பையில் கட்டி என்னிடம் கொடுத்தார் அக்கா. விடுதியில் அடுப்பில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. என் களக்குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு நேரே இரண்டே சொற்கள் உள்ளன: அவரை உரித்தேன்.