குற்றால சீசனுக்குக் கிளம்பியாச்சா? சங்கரன்கோவிலில் ரூம் போட்டுப் பாருங்க!

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்தில் நல்ல அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறு என்றால் வாடகை மளமளவென ஏறும். வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய் இறங்கிவிட்டு, பையும் கையுமாக லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கிய குடும்பங்கள் ஏராளம்.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. குற்றாலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சங்கரன்கோவிலில் தங்குவது. 2019 நவம்பரில் நெல்லையிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில்தான் இந்த ஊரும் இருக்கிறது. விசைத்தறிச் சேலைகளும் பூ மார்க்கெட்டும் பரபரக்கும் வியாபார ஊர் என்பதால், இங்குள்ள லாட்ஜுகள் அருவி சீசனை மட்டும் நம்பி நடப்பவை அல்ல.

அருவியில் தடை போட்டால்?

குற்றாலத்துக்குப் போகிறவர்களின் பெரிய கவலையே இதுதான். மலையில் பலத்த மழை பெய்தால் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எதிலும் குளிக்க விடமாட்டார்கள். தடை போடுவதிலும் அர்த்தம் இருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம், 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது.

அருவிக்குப் பக்கத்திலேயே அதிக வாடகை கொடுத்துத் தங்கியவர்களுக்கு, 'இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டோமே' என்று அவசரப்படத் தோன்றும். சங்கரன்கோவிலில் தங்கினால் அந்த நெருக்கடி இல்லை. காலையில் நிலவரத்தைக் கேட்டுவிட்டு, தடை என்றால் அன்றைய திட்டத்தையே மாற்றிக்கொள்ளலாம்.

அருவி இல்லாவிட்டால் என்ன பார்ப்பது?

முதலில் ஊரின் அடையாளமான சங்கரநாராயணர் கோயில். பாதி சிவன், பாதி திருமாலாக ஒரே திருமேனியில் சுவாமி காட்சி தரும் தலம். ராஜகோபுரத்துக்கு 9 நிலைகள், உயரம் 125 அடி. கோமதி அம்மனை வணங்கிவிட்டுப் புற்றுமண் பிரசாதம் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும் என்பதால், காலையிலேயே போய்விடுவது நல்லது.

தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் இது மண் தலம். நெருப்புத் தலமான கரிவலம்வந்தநல்லூர், நீர்த் தலமான தாருகாபுரம், காற்றுத் தலமான தென்மலை, ஆகாயத் தலமான தேவதானம் நான்கும் இதே வட்டாரத்தில்தான். ஒரு கார் இருந்தால் ஒரே நாளில் சுற்றிவிடலாம். சரித்திரம் பிடித்தவர்கள் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலுக்கும் போய் வரலாம்.

சாப்பாட்டுக்கும் குறைவில்லை. சங்கரன்கோவில் மட்டன் பிரியாணிக்கென்றே வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

ரூம் போடும்முன் கேட்க வேண்டியவை

* சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தால் காலையிலேயே இறங்கிவிடுவீர்கள். அறை வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று போனிலேயே கேளுங்கள். 12 மணிக் கணக்கு என்றால், காலையில் அறைக்குள் நுழைய அரை நாள் வாடகை கூடுதலாகக் கேட்கலாம்.
* முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வந்தால் லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், வெந்நீர் மூன்றும் முக்கியம். இல்லையென்றால் தரைத்தளத்தில் அறை கேளுங்கள்.
* தெருப் பக்க அறையா, பின்பக்க அறையா? பஸ் ஹாரன் சத்தத்தில் குழந்தைகள் தூங்காது.
* 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைக் கவனியுங்கள்.

யாருக்கு இது சரிப்படாது?

விடியற்காலையில் ஒரு குளியல், ராத்திரி ஒரு குளியல் என்று அருவியே கதியாகக் கிடக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் குற்றாலம்தான் வசதி. இங்கிருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரவும் அதே நேரம். ஈரத் துணியோடு குழந்தைகளை அவ்வளவு தூரம் உட்கார வைக்க முடியாது. மாற்றுத் துணியைக் காரிலேயே வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம், ஆடித்தபசு. குற்றால சீசன் உச்சத்தில் இருக்கும் அதே ஆடி மாதத்தில்தான் கோமதி அம்மனின் 12 நாள் திருவிழாவும் வரும். தபசுக் காட்சி நாளில் லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். அப்போது சங்கரன்கோவிலில் அறை கிடைப்பது குற்றாலத்தைவிடச் சிரமம். திருவிழாவைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால், தேதி தெரிந்ததுமே அறையைப் பிடித்துவிடுங்கள். அருவிக்காக மட்டும் வருவதாக இருந்தால், அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டு வந்தால் நிம்மதியாகத் தங்கலாம்.