சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை

வீட்டுக்கு நிலம் போடும்போது நாம் பல விடயங்களைப் பார்க்கிறோம். கூட்டித் துடைக்க இலகுவா? கறையான் ஏறுமா? மழை நாளில் வழுக்குமா? பார்க்க வடிவாக இருக்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு காசு முடியும்? இவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால், அந்த நிலத்தில் இருந்து ஒருவர் கதைத்தால் மற்றவருக்கு விளங்குமா என்று யாரும் கேட்பதில்லை. நிலத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று சகோதரிகள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதை என் அம்மாவின் காதுதான் எனக்குக் கற்பித்தது.

என் அம்மாவுக்கு வானொலி என்றால் உயிர். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. அந்தக் காலத்தைக் கண்ட எல்லோருக்கும் இது நினைவிருக்கும். நாங்கள் பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றுவோம். அம்மா பக்கத்தில் குந்தியிருந்து கேட்பா. 1995 இடப்பெயர்வின்போது வன்னிக்குப் போனபோதும் அந்த வானொலி எங்களுடன் வந்தது.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பக்கத்தில் ஷெல் விழுந்து வெடித்ததில் அம்மாவின் இடது காது முற்றாகப் போய்விட்டது. வலது காதில் ஓரளவு கேள்வி மிஞ்சியது. முகாமிலிருந்து திரும்பி வந்து, எங்கள் காணியில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தோம். சாணம் மெழுகிய மண் நிலம். அரைச் சுவருக்கு மேலே கிடுகு மறைப்பு. அம்மா நடுக்காலோடு சாய்ந்து இருந்து, வலது காதுப் பக்கம் வானொலியை வைத்துக்கொண்டு செய்திகளும் மரண அறிவித்தல்களும் கேட்பா. மரண அறிவித்தலைக் கேட்காமல் அவவுக்கு ஒரு நாளும் விடியாது. இடம்பெயர்ந்து சிதறிய எங்களுக்கு, இன்னார் இன்ன இடத்தில் இருந்தார், இன்னாருடைய தாய், இன்னாருடைய மாமி என்று உறவுகளைத் திரும்பக் காட்டித் தந்ததும் அந்த அறிவித்தல்தானே.

2013இல் வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குக் கல்வீடு கிடைத்தது. சில வருடங்கள் கழித்துத் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் முன் அறைக்கு ரைல்ஸ் பதித்தோம். வெள்ளை நிறம், முகம் தெரியும் பளபளப்பு. வானொலியையும் தொலைக்காட்சியையும் அந்த அறையில்தான் வைத்தோம். அதற்குப் பிறகு அம்மா மெல்ல மெல்ல அந்த அறையை விட்டு விலகத் தொடங்கினா. வானொலியைப் போட்டால் எழும்பிக் குசினிப் பக்கம் போய்விடுவா. வீட்டுக்கு ஆட்கள் வந்து கதைத்தால், சிரித்துத் தலையாட்டிவிட்டுச் சும்மா இருப்பா. “கிழவிக்குக் காது முழுக்கப் போட்டுது” என்று அயலில் கதைத்தார்கள். வேறு சிலர், “சண்டைக்குப் பிறகு மனம் சரியில்லை” என்றார்கள்.

அந்த நாட்களில் அம்மாவுடன் பதுங்கு குழியில் ஒன்றாக இருந்த ஒரு அக்கா காலமானா. அறிவித்தல் எங்கள் வீட்டு வானொலியிலேயே போனது. அம்மா அந்த அறையில்தான் இருந்தா. ஆனால், எட்டுச் செலவு முடிந்த பிறகு வேறு ஒருவர் சொல்லித்தான் அவவுக்குத் தெரிய வந்தது. அன்றைக்கு அம்மா சொன்ன வார்த்தை இது: “பிள்ளை, சத்தம் கேக்குது. சொல் விளங்கேல்லை.”

கிளினிக்கில் காதைப் பரிசோதித்தபோது, கேள்வி முந்தியதை விடக் குறையவில்லை என்று தெரிந்தது. பரிசோதித்த பெண் ஒரு கேள்வி கேட்டா: “வீடு மாறினீங்களா? அறை எப்படி, நிலம் எப்படி?” நான் எல்லாம் சொன்னேன். அவ விளங்கப்படுத்தியதையும் பின்னர் நான் வாசித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒலி காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் ஓடும். எங்கள் முன் அறை பன்னிரண்டு அடி. அப்படியானால் ஒரு சொல் வாயை விட்டு வந்து ஒரு செக்கனுக்குள் தொண்ணூறு தடவைக்கு மேல் அந்த அறையைக் கடந்துவிடும். சுவரிலும் நிலத்திலும் பட்டுப் பட்டுத் திரும்பும். ரைல்ஸ், சீமெந்து போன்ற வன்மையான நிலங்கள் தம்மில் படும் ஒலியில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கைத்தான் உறிஞ்சும். மிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். எனவே முதற் சொல்லின் எச்சம் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்துவிடுகிறது. முதற் சொல் இரண்டாவதை மூடிவிடுகிறது.

இதிலே அதிகம் பாதிக்கப்படுவது மெய்யெழுத்து ஒலிகள். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் பலமானவை. க், ச், ட், ப் போன்றவை மெல்லியவை, கணப்பொழுதில் முடிபவை. ஆனால் சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டுவது பெரும்பாலும் அவைதான். பழம், பணம், படம் என்று சொல்லிப் பாருங்கள். நடு எழுத்து மறைந்தால் மூன்றும் ஒன்றுதான். வெடியதிர்ச்சியில் கெட்ட காதுகளில் அநேகமாக முதலில் போவதும் ச், ஸ் போன்ற இந்தக் கூரிய ஒலிகளைக் கேட்கும் சக்திதான். நல்ல காது உள்ளவர் எதிரொலியைத் தள்ளிவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்வார். கெட்ட காதுக்கு அது இயலாது.

வானொலியின் சத்தத்தைக் கூட்டினால் என்ன? சொல்லோடு சேர்ந்து எதிரொலியும் அதே அளவுக்குக் கூடும். காதில் மாட்டும் கேட்கும் கருவிக்கும் இதே கதிதான். அதுவும் இரண்டையும் சேர்த்துத்தான் பெருப்பிக்கும். பலர் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சிக்கலை முதலில் அளந்து கணக்கிட்டவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த வொலஸ் சபைன் என்பவர். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை செக்கன் எடுத்ததாம். சபைன் பக்கத்து மண்டபத்து இருக்கை மெத்தைகளை இரவிரவாகக் கொண்டுவந்து அடுக்கி, ஒரு குழலை ஊதவைத்து, அதன் ஒலி அடங்க எடுக்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. ஒரு மனிதர் உள்ளே இருந்தாலும் பல மெத்தைகள் வைத்தது போல எதிரொலி குறைவதையும் கண்டார். மென்மையான பொருள்தான் ஒலியை விழுங்கும் என்பதற்கு அந்த மெத்தைகளே சாட்சி.

அப்படியானால் எங்கள் கொட்டிலில் அம்மாவுக்கு ஏன் விளங்கியது? சாண நிலம் ரைல்ஸைப் போல வன்மையானதல்ல என்பது உண்மை. ஆனால் பெரிய பங்கு கிடுகுக்கே உரியது. கிடுகுக் கூரையும் மறைப்பும் ஒலியில் ஒரு பகுதியை விழுங்கின, மிச்சத்தை வெளியே விட்டன. கல்வீட்டில் சுவரும் வன்மை, நிலமும் வன்மை. சுவரை உடைக்க முடியாது, கூரையைக் கழற்ற முடியாது. எங்கள் கைக்கு எட்டியது நிலம் ஒன்றுதான். அதனால் நிலத்திலிருந்து தொடங்கினோம்.

ரைல்ஸைக் கிளப்பிவிட்டுச் சீமெந்து போட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பலகை நிலம் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும், ஆனால் எங்கள் பக்கத்தில் செலவுக்கும் கறையானுக்கும் அது கட்டாது. தடித்த கம்பளம் கூரிய ஒலிகளில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். அதை வாங்க எங்களிடம் வசதியில்லை. ஆகவே நிலத்தை மாற்றாமல் நிலத்துக்கு உடுப்புப் போட்டோம்.

ஒற்றைப் பனையோலைப் பாய் தனியே பெரிதாக உதவாது. மெல்லியது, ஒலி அதனூடாகப் போய் ரைல்ஸில் பட்டுத் திரும்பிவிடும். தடிப்புத்தான் முக்கியம். துவைத்துக் காயவைத்த சாக்குகளை இரண்டு மடிப்பாகப் போட்டு, அதன் மேல் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பைப் போட்டேன். ஐந்து சேலை முடிந்தது. கூலி இல்லை, என் கைத்தையல்தான்.

எங்கே விரிப்பது என்பதற்கும் ஒரு வழி உண்டு. கேட்பவர் தன் கதிரையில் இருக்க வேண்டும். வேறொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் படுக்க வைத்து, வானொலிக்கும் கதிரைக்கும் நடுவே மெல்ல நகர்த்த வேண்டும். எந்த இடத்தில் வைக்கும்போது கண்ணாடியில் வானொலி தெரிகிறதோ, அந்த இடத்தில் பட்டுத்தான் ஒலியும் காதுக்கு வருகிறது. அந்த இடத்தை முதலில் மூட வேண்டும். அறை முழுவதும் மூடத் துணி இல்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

வானொலியை அறை மூலையிலிருந்து எடுத்தோம். மூலையில் வைத்தால் தடித்த ஒலிகள் பெருத்து, சொல் மங்கிவிடும். அடியில் மடித்த துவாய் ஒன்றை வைத்ததால் மேசை அதிர்வதும் நின்றது. கதிரையில் இருந்து இரண்டு முழத் தூரத்தில், காது மட்டத்துக்கு உயர்த்தி, வலது காதுப் பக்கம் வைத்தோம். வானொலிக்கு எதிரே இருந்த வெறுஞ்சுவரில் தடித்த சேலை ஒன்றைச் சுருக்கு வைத்துத் தொங்கவிட்டோம். சத்தத்தைக் கூட்டவில்லை, குறைத்தோம்.

அம்மாவின் இடது காது திரும்பி வரவில்லை. அது வராது. ஆனால் அறிவித்தலில் ஊர்ப் பெயர்கள் விளங்கத் தொடங்கின. அம்மா கேட்டுவிட்டு, “உவ எங்கட சின்னம்மாவின்ர பக்கம்” என்று உறவு சொல்லத் தொடங்கினா. பாட்டுக்கு மட்டும் அவவிடம் ஒரு முறைப்பாடு உண்டு. “பாட்டு இப்ப கொஞ்சம் வறண்டு போச்சு” என்பா. அதுவும் சரிதான். கோயில் கல் மண்டபத்தில் தேவாரம் இனிப்பது அந்த எதிரொலியால்தான். பேச்சுக்கு எதிரொலி குறைய வேண்டும், பாட்டுக்குக் கொஞ்சம் இருக்க வேண்டும். பாட்டு மட்டும் கேட்பதானால் விரிப்பின் ஒரு பாதியைச் சுருட்டி வைக்கலாம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். ரைல்ஸின் மேல் விரிப்பு வழுக்கும். அடியில் இறப்பர் விரிப்புத் துண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஓரம் சுருண்டு நிற்கக்கூடாது. முதியவர்களும் செயற்கைக் கால் போட்டிருப்பவர்களும் ஊன்றுகோல் பிடிப்பவர்களும் அதில் தடக்கி விழக்கூடும். அவர்கள் நடக்கும் வழியை வெறும் நிலமாக விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை வெயிலில் போட்டுத் தட்டுங்கள். தூசி இழுப்புக்காரருக்குக் கூடாது. கார்த்திகை, மார்கழி மழைக்கு அடியில் ஈரம் பிடித்தால் பூஞ்சணம் வரும், சுருட்டி எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் காதைப் பரிசோதியுங்கள். பாயும் சேலையும் வைத்தியத்துக்குப் பதிலாக மாட்டா.

எங்கள் ஊர்களில் ஷெல்லுக்கும் குண்டுக்கும் காதைக் கொடுத்தவர்கள் பலர். கால் போனால் எல்லோருக்கும் தெரியும். காது போனால் தெரியாது. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் பெருமை என்கிறோம், கதைக்காமல் இருந்தால் மனநோய் என்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அவர் இருக்கும் அறைக்குப் போய் ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் கிணுகிணு என்று ஒலி நின்றால், குறை அவரிடம் மட்டும் இல்லை, அறையிலும் இருக்கிறது. கத்திக் கதைக்காதீர்கள். கிட்டப் போய், முகம் பார்த்து, ஆறுதலாகக் கதையுங்கள். பழைய சேலைகளைத் தேடி எடுத்து விரியுங்கள். நீங்களும் அதில் இருந்து, அவரோடு சேர்ந்து வானொலியைக் கேளுங்கள்.