சாப்பிட்டீங்களா மகள்?

யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே போகும் வீதி காங்கேசன்துறையில் கடலைத் தொட்டு நின்றுவிடுகிறது. 1990இல் இயக்கம் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை, பழைய வெளிச்சவீடு, துறைமுகம். யுத்தத்தால் நின்ற ரயில் 2015இல் இங்கு மீண்டும் வந்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்து சேர்ந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது நான் பள்ளிச் சிறுவன். சோனகத் தெருவை விட்டு, உடுத்த துணியோடு புத்தளம் போய்ச் சேர்ந்தோம். இன்று என் தங்கையின் மகள் அதே யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ்! போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது, கடல் பார்க்க இருவரும் காங்கேசன்துறைக்கு பஸ் ஏறினோம்.

பிள்ளை மெலிந்திருந்தாள். பேச்சும் குறைவு. கரையில் அமர்ந்தபின் கேட்டேன்:

"காலையில் என்ன சாப்பிட்டீங்க மகள்?"

"பிளேன்டீ, மாமா."

"நேற்று இரவு?"

"பிஸ்கட்."

ஆய்வுகூட வேலை முடிந்து அறைக்கு வந்தால் சாப்பிட மனமில்லையாம். தூக்கமும் இல்லை. படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறாள். உம்மாவிடம் மட்டும் "நல்லா இருக்கிறேன்" என்று சொல்லி வந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. தொலைபேசியில் நான் எப்போதும் கேட்டது இரண்டே கேள்விகள்: தொழுதீங்களா? பரீட்சை எப்படி?

சகோதரிகளே! நம் மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் 20 சதவீதம் அளவுக்கு அதற்கே போகிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் களைப்பும் கவனக்குறைவும் வரும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் அந்தச் சத்து உடலில் சேர்வதும் குறைகிறது.

அவுஸ்திரேலியாவில் மனச்சோர்வு நோயுள்ள 67 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு 12 வாரம் காய்கறி, பழம், பருப்பு, தீட்டாத தானியம், மீன் ஆகியவற்றை உண்ண வழிகாட்டினார்கள். மற்றவர்களுக்குப் பேச்சுத்துணை மட்டும். உணவு மாறியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் தணிந்தது. மற்றவர்களில் அது நூற்றுக்கு எட்டுப் பேர்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் சிந்திக்க வைக்கிறது.

துக்க வீட்டில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் 'தல்பீனா' எனும் பார்லிக் கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும், கவலையில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக புகாரியில் வருகிறது. இதைப் பல வருடம் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியவன் நான். என் வீட்டுப் பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்ல மறந்துபோனேன்.

இந்தக் கரையோரத்துக்கு உரிய உணவே எவ்வளவு சிறந்தது! ஒடியல் மாவில் மீனும் இறாலும் முருங்கையிலையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சும் கூழ், ஏழை வீட்டுச் சட்டியிலும் இருந்ததுதானே? சூடை மீனும் முருங்கையிலையும் விலை கூடியவை அல்ல.

ஆனால் ஒன்று. உணவு மருந்துக்குத் துணைதான். மருந்துக்குப் பதில் அல்ல. யாழ் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், யுத்தம் மக்கள் மனதில் ஏற்படுத்திய காயங்களை ஆராய்ந்து 1998இல் நூலே வெளியிட்டார். மனநோய்க்கு மருத்துவரிடம் போவது ஈமான் குறைவு அல்ல, குடும்பத்துக்கு அவமானமும் அல்ல. மருமகளையும் மறுநாளே ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

இப்போது என் தங்கை பார்சலில் தொதலோடு வறுத்த பயறும் கச்சானும் பேரீச்சம்பழமும் வைக்கிறாள். தொலைபேசி எடுத்ததும் அவள் முதலில் கேட்பது, "சாப்பிட்டீங்களா மகள்? தூங்கினீங்களா?" பரீட்சைக் கதை அதற்குப் பிறகுதான்.

உங்கள் பிள்ளையும் தூரத்தில் படிக்கிறதா? இன்றிரவே கேட்டுப் பாருங்கள். "நல்லா இருக்கிறேன்" என்ற பதிலோடு மட்டும் விட்டுவிடாதீர்கள்.