விற்ற காடி

விற்றுவிட்ட பொருளுக்காக ஏங்குவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டா என்று, சிரம்பான் லோபாக்கில் என் வீட்டுக்கு மாலை வேளைகளில் வரும் நண்பர் ஒருவர் கேட்பதுண்டு. களவு போனதற்கு வருந்தலாம், காலம் அழித்ததற்கும் வருந்தலாம். தானே விலை பேசி, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, சாவியையும் கையில் கொடுத்துவிட்ட ஒன்றை நினைத்துப் பெருமூச்சு விடுவது நியாயமன்று என்பது அவருடைய அபிப்பிராயம். அவர் தர்க்கத்தில் நான் பிழை காணவில்லை. ஆயினும், கோலப்பிலா போகும் பழைய பாதையில் புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளைப் பற்றி யாரேனும் பேச்செடுத்தால், என் இடக்கை தானாகவே கியர்க் கோலைத் தேடுகிறது.

அது எம்.ஜி.ஏ. என்னும் இரண்டே இருக்கைகள் கொண்ட திறந்த கார். சிட் எனெவர் என்பவர் வடிவமைத்து, இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற சிற்றூரில் 1955 முதல் 1962 வரை செய்யப்பட்ட 101,081 கார்களில் ஒன்று. அத்தனையில் 6,000-க்கும் குறைவானவையே பிறந்த நாட்டில் தங்கின, எஞ்சியவை எல்லாம் கடல் கடந்தன. அப்படிக் கடல் கடந்து வந்த ஒன்றை ரப்பர்த் தோட்டத்துச் சின்னத் துரை ஒருவர் சில வருஷங்கள் ஓட்டி, மலாயா சுதந்திரம் பெற்ற பின்னர் ஊர் திரும்ப நிச்சயித்தபோது, சிரம்பானில் ஆசிரியனாகச் சேர்ந்திருந்த நான் அதனைத் தவணையில் வாங்கினேன். நெகிரி செம்பிலானுக்குரிய என் என்ற எழுத்தில் தொடங்கும் எண் பலகையோடு அது எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் முதன்முதலாக வந்து நின்ற அன்று, லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் சூழ்ந்துகொண்டு கதவின் கைப்பிடியைத் தேடினார்கள். வெளிப்புறத்தில் கைப்பிடியே கிடையாது. உள்ளே கையைவிட்டு ஒரு கயிற்றை இழுத்தால்தான் கதவு திறக்கும். ஏற்றி இறக்கும் கண்ணாடிகளும் அதற்கு இல்லை. காலடியில் இருப்பது ஒட்டுப்பலகை. இருக்கைகளுக்குப் பின்னே ஆறு வோல்ட்டு மின்கலங்கள் இரண்டு. நம் நாட்டு மழைக்கு இதைக் காட்டிலும் பொருந்தாத வாகனத்தைக் கற்பனை செய்வது கடினம். எனினும் மழை ஓய்ந்த மாலையில், ராசா, மம்பாவ் வழியாக லுக்குட்டைக் கடந்து போர்ட்டிக்சன் கடற்கரையை நோக்கி, இரு மருங்கும் பால்மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னோட அதில் பிரயாணம் செய்த சந்தோஷத்துக்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதன் 1489 சி.சி. இயந்திரத்துக்கு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இரண்டு. அவை இரண்டும் ஒரே அளவாகக் காற்றை உள்ளிழுத்தால்தான் ஓட்டம் சீராகும். ஒன்று மிகுந்து மற்றொன்று குறைந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கும். இதனைச் சரிசெய்யும் வித்தையைச் சிரம்பானில் பட்டறை வைத்திருந்த முதிய சீனர் ஒருவர் எனக்குக் கற்பித்தார். ஒரு முழ நீள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைச் செவியிலும், மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலுமாக மாற்றி மாற்றி வைத்து, காற்றின் சீறல் இரண்டிலும் ஒன்றாகும் வரை திருகாணியை அணுவணுவாகத் திருப்ப வேண்டும். தம்புராவுக்குச் சுருதி கூட்டுவது போன்ற காரியம் அது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நான் அப்படிக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்ததை, ஏதோ பூஜை என்று அண்டை வீட்டார் நினைத்திருக்கக்கூடும். 1961-இல் சிங்கப்பூரில் மேல் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரி பந்தயம் தொடங்கியதும், மறுவருஷம் யோங் நாம் கீ என்பவர் ஜாகுவார் ஈ-டைப் காரிலேயே வென்றதும் எங்களைப் போன்ற இளைஞர்களுக்குப் பெரிய உற்சாகம் ஊட்டின. ஆனாலும் எனக்கு வேகத்தில் இருந்த மோகத்தைக் காட்டிலும், அந்தச் சீறலைக் கேட்பதில் இருந்த மோகமே அதிகம்.

என் தாயார் ஆயுளில் பெரும்பகுதியைப் பால்வெட்டில் கழித்தவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, பட்டையைச் சீவி, கோப்பையில் வடிந்த பாலை வாளியில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தவர். அவருடைய கையால் வடிந்த பால் உறைந்து, தகடாகி, புகையில் உலர்ந்து, கப்பலேறிப் போனது எங்கே என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கார் வந்த அன்று அவர் இருக்கையில் ஏற மறுத்து, முன் சக்கரத்தருகே குந்தி, டன்லப் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ஏன்டா ஐயா, இதுல நாம வெட்டுன பாலும் இருக்குமா?" என்று கேட்டார். இதே மாநிலத்தில் பகாவ் பக்கம் லாடாங் கெடிஸ் போன்ற பெருந்தோட்டங்களை டன்லப் நிறுவனமே வைத்திருந்த காலம் அது. ஆகையால் "இருக்கும் அம்மா" என்றேன். அதன் பிறகே ஏறி அமர்ந்தார். துரைமார் ஓட்டிப்போகையில் ஓரம் ஒதுங்கி நின்ற அதே சாலையில், தலையில் முக்காடிட்டுக்கொண்டு, மகன் பக்கத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்தக் கோலத்தின் பொருட்டே, அந்தக் காரின் சௌந்தரியத்தை நான் மற்றெல்லாக் கார்களுக்கும் மேலாக வைக்கிறேன்.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்தவர்கள் வேலையையும் கூரையையும் ஒருங்கே இழந்தார்கள். இதனைத் தடுக்கவே 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்தைக்கொண்டே தோட்டங்களை வாங்க முற்பட்டார். அடுத்த வருஷம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவ்விதம் வாங்கப்பட்டது. எங்கள் தோட்டத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. பெற்றோருக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. என்னிடம் விலை போகக்கூடிய பொருள் ஒன்றுதான் இருந்தது. மலாக்காவிலிருந்து வந்த ஓர் இளம் பல் மருத்துவர் அதனை வாங்கினார். அந்தப் பணமே லோபாக்கில் இந்த வீட்டுக்கு முன்பணமாயிற்று.

என் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் உமக்கு ஏன் வருத்தம்?" என்கிறார். விற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. மறுபடியும் அந்த நிலை வந்தால் அன்றே விற்பேன். ஆனால் செய்தது சரி என்பதனால் வாஞ்சை தணிந்துவிடும் என்று அவர் எண்ணுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தாயார் இந்த வீட்டில், சொந்தக் கூரையின் கீழ், நிம்மதியாகக் கண் மூடினார். காரும் எங்கேனும் ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதன் சட்டம் உறுதியானது, இயந்திரமோ எத்தனை முறை பிரித்தாலும் மீண்டும் கூடக்கூடியது. இன்று அதை வைத்திருப்பவர் யாராயினும், பருவமழைக்கு முன் ஓட்டுநர் பக்கத்து அடிப்பலகையைத் தூக்கிப் பார்க்கட்டும். ஈரம் முதலில் அங்கேதான் தங்கும். சுருதி கூட்டும்போது முன்புறக் கார்புரேட்டரைத் தொட்டுவிட்டுப் பின்புறத்துக்குப் போகட்டும். அந்தக் காருக்கு அதுதான் வழக்கம்.