ஒப்புதல் சாம்பிள் இல்லாத சரக்கு

திருப்பூரில் துணியின் தரத்தைப் பற்றிய வாய்ச்சண்டை நீடிக்காது. வட்டக் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்று கழன்று விழும். தராசில் அது 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். அதோடு பேச்சு முடிந்தது. ஷேடு சரியா என்று பார்க்க லைட் பாக்ஸ் இருக்கிறது: பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84. தைத்து முடித்த பீஸ்களை எத்தனை எடுத்துப் பார்ப்பது, எத்தனை பழுது வரை பொறுப்பது என்பதை ஏக்யூஎல் அட்டவணை சொல்லிவிடும். இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. பையர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து அனுப்பிய ஒப்புதல் சாம்பிள். தகராறு வந்தால் பீரோவைத் திறந்து அதை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். அது சொன்னதுதான் தீர்ப்பு.

அந்த மேசையின் ஒரே பக்கத்தில்தான் என் ஊர்க்காலம் முழுக்க நின்றேன். எதிர்ப்பக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த க்யூசி உட்கார்ந்திருப்பார். அவர் சட்டையின் தோள் தையலை இரு கையாலும் இழுத்துப் பார்க்கும்போது மெர்ச்சண்டைசர், செக்கிங் சூப்பர்வைசர், முதலாளி எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம். சரக்கைச் சோதிப்பவர் ஐரோப்பியர், சோதனைக்குக் காட்டுபவர் நாங்கள் என்பது உலக நியதி போலவே மனதில் பதிந்திருந்தது. மகளுக்கு ஒரு ஃபிரெஞ்ச் ஹார்ன் வாங்க ஜெர்மனியில் ஒரு கடைக்குப் போன அன்றுதான் மேசையின் மறுபக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள்.

நான் இப்போது இருப்பது ஜெர்மனியின் தெற்கே, ஸ்வாபியன் ஆல்ப் மலைமேட்டில் உள்ள ஆல்ப்ஷ்டாட். பெயர் புதிதாகத் தோன்றினாலும் திருப்பூர் நிட்டிங் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஊர் அன்னியமல்ல. 30 இன்ச் டயா, 24 கேஜ் மெஷின் ஒன்றில் மட்டும் 2,200-க்கு மேல் ஊசி இருக்கும். அதில் ஒன்றின் கொக்கி தேய்ந்தாலும் துணி நெடுக ஊசிக்கோடு விழும். அந்த ஊசி வரும் டப்பாவில் உள்ள குரோஸ் பெக்கர்ட் என்ற பெயர் 1852-இல் தொடங்கியது இங்கே, எபிங்கன் பகுதியில்தான். வட்டப் பின்னல் மெஷினுக்குப் பேர்போன மேயர் நிறுவனம் 1905-இல் பிறந்ததும் பக்கத்து டைல்ஃபிங்கனில். டைல்ஃபிங்கன் ஒருகாலத்தில் தெருவுக்குத் தெரு உள்ளாடை தைத்த ஊர். அந்தத் தொழில் கூலி குறைந்த நாடுகளுக்குப் போய்விட்டது. போன இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. பழைய பின்னல் மெஷின்களை இங்கே மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் சிலதைப் பார்த்தபோது, இதே சாயலில் ஒன்று அனுப்பர்பாளையம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்று வாய்வரை வந்தது.

ஆலைகள் போனபின்னும் இந்த ஊர்களில் போகாமல் நிற்பது ஊர் பேண்டு. முசீக்ஃபெராயின் என்பார்கள். சின்னச் சின்ன கிராமத்துக்கும் ஒன்று உண்டு. தச்சர், பல் டாக்டர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஊதுவார்கள். நம் பக்கத்துப் பேண்டு செட்டுக்குக் கல்யாணமும் ஊர்வலமும் எப்படியோ, இவர்களுக்குத் திருவிழாவும் சவ அடக்கமும் அப்படி. பிள்ளைகளுக்கு வாத்தியத்தைச் சங்கமே இரவல் தரும். என் மகளுக்குக் கிடைத்தது ஹார்ன். ஏன் இதைப் பிடித்தாய் என்றதற்கு, "சினிமால சோகமும் வீரமும் ஒண்ணா வர்ற எடத்துல இதுதானேப்பா கேக்குது" என்றாள். இளையராஜா பாட்டு ஓடும் வீட்டில் வளர்ந்த காது அது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்ததைச் சொன்னபோது, அதில் ஹார்ன் எத்தனை என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

இரவல் ஹார்னைச் சங்கம் அடுத்த பிள்ளைக்குத் தர வேண்டிய காலம் வந்தது. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றார் அவளுடைய ஆசிரியை. விலை கேட்டதும் எனக்குப் பழைய புத்தி வந்தது. ஸ்பெக் ஷீட் கேட்டு வாங்கிப் படிக்க உட்கார்ந்தேன்.

படிக்க நிறைய இருந்தது. இன்று எல்லோரும் வாசிக்கும் டபுள் ஹார்ன் என்பது ஒரு பெல்லுக்குள் இரண்டு ஹார்ன். எஃப் பக்கம் குழாயை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 12 அடி, பி ஃபிளாட் பக்கம் 9 அடி. இடது கட்டைவிரலால் ஒரு வால்வை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவலாம். எர்ஃபுர்ட் நகரின் குருஸ்பே பட்டறையில் 1897-ஐ ஒட்டிப் பிறந்த ஏற்பாடு இது. குழாயைச் சுற்றும் முறையில் அந்தப் பட்டறையின் பெயரால் ஒரு வகை இருக்கிறது. பெல்லின் கழுத்து அகலம், ஒலி பருத்து இருண்டு வரும். இன்னொரு வகை கெயர். அதன் பெயருக்குரிய கார்ல் கெயர் ஜெர்மனியிலிருந்து சிகாகோவுக்குப் பிழைக்கப் போய் அங்கே பட்டறை வைத்தவர். அவர் அமெரிக்காவில் வகுத்த சுற்றுமுறையை இன்று மார்க்நோய்கிர்ஷனில், ஜெர்மனியின் பேர்பெற்ற வாத்தியத் தொழில் ஊரில், செய்து விற்கிறார்கள். புலம்பெயர்ந்தவன் கைவேலை பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்து ரகமாகிவிட்டது. எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போயிற்று.

உலோகத்திலும் ரகம் உண்டு. மஞ்சள் பித்தளையில் செம்பு 70, துத்தநாகம் 30. கோல்டு பிராஸில் செம்பு 85-க்கு ஏறும், நிறம் சிவக்கும். நிக்கல் சில்வரில் வெள்ளி பெயரில் மட்டும்தான். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும்தான். மஞ்சள் பளிச்சென்று பேசும், சிவப்பு கதகதப்பாகப் பேசும் என்பது கடைக்காரர்களின் வழக்கு. ஒலியியல்காரர்கள் அதை அவ்வளவாக ஏற்பதில்லை. அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. மவுத்பீஸ் செருகும் லீட் பைப் எப்படி விரிகிறது, பெல்லின் கழுத்து எவ்வளவு அகலம் என்பதுதான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கும், உலோகத்தின் பங்கு சிறிது என்பார்கள். 30-ஆம் நம்பர் நூல் என்று மட்டும் சொன்னால் துணி எப்படி விழும் என்று எவனும் சொல்ல மாட்டான்; லூப் லென்த் என்ன, காம்பாக்டிங் எப்படி என்று கேட்பான். ஆகவே ஒலியியல்காரர்கள் பக்கம் சாய எனக்குச் சிரமமில்லை.

கடைக்குப் போனோம். பின்கட்டில் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். தனியாரிடமிருந்து மலிவாகக் கிடைக்கும் என்று நாங்கள் பார்த்து வைத்திருந்த பழைய ஹார்னையும் அவரிடம் காட்டினோம். அவர் ஊதவே இல்லை. ஒரு வால்வின் ஸ்லைடை, லீவரை அழுத்தாமல், மெல்ல வெளியே உருவினார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு லீவரை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்திலிருந்த புது ஹார்னை எடுத்து அதையே செய்தார். லீவர் அழுந்தியதும் 'டப்' என்று சின்ன வெடிச்சத்தம். வால்வு இறுக்கமாக இருந்தால் உருவிய ஸ்லைடுக்குள் காற்றழுத்தம் குறைந்தே நிற்கும், திறந்ததும் வெளிக்காற்று பாய்ந்து வெடிக்கும். தேய்ந்திருந்தால் அதற்கு முன்பே காற்று உள்ளே கசிந்து வந்திருக்கும். எனக்கு மனம் குளிர்ந்தது. ஆள், நாடு, மொழி எது மாறினாலும் செக்கிங் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: ஆம், இல்லை என்று இரண்டே பதில்.

ஆனால் அந்த மாதிரிச் சோதனை அங்கேயே தீர்ந்துவிட்டது. கசிவில்லாத மூன்று ஹார்ன்கள் மேசையில் மிச்சம். ஒன்று கெயர் வகை மஞ்சள் பித்தளை, ஒன்று அதே வகையில் கோல்டு பிராஸ், ஒன்று அகன்ற பெல் வைத்த நிக்கல் சில்வர். இனி எந்தத் தராசும் உதவாது.

ஆசிரியை ஒழுங்கு வைத்தார். மூன்றுக்கும் ஒரே மவுத்பீஸ், மகளுடையது. வேறு மவுத்பீஸ் போட்டால் எதைச் சோதிக்கிறோம் என்றே தெரியாமல் போகும். முதலில் நீண்ட ஒற்றைச் சுரம், மெதுவாகத் தொடங்கிப் பெருக்கி மறுபடி அடக்க வேண்டும். பிறகு ஒரே சுரத்தை எஃப் பக்கமும் பி ஃபிளாட் பக்கமும் மாற்றி மாற்றி. நல்ல ஹார்னில் அந்தத் தாவல் வெளியே தெரியக் கூடாது. பிறகு மேல் ஸ்தாயி. ஹார்னில் மேலே போகப்போக இயற்கைச் சுரங்கள் நெருங்கி அடுத்தடுத்து நிற்கும். உதடு மயிரிழை பிசகினால் பக்கத்துச் சுரத்தில் போய் விழும். சில ஹார்ன்களில் சுரம் தன் இடத்தில் சிக்கென்று உட்காரும், சிலதில் வழுக்கும்.

அடுத்து என்னைக் கூடத்தின் கடைசிக்கு அனுப்பி, சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். எது எந்த ஹார்ன் என்று எனக்குத் தெரியக் கூடாது. ஹார்னின் பெல் பின்னால் பார்த்து நிற்கும், வலது கை அதற்குள் இருக்கும். ஊதுகிறவர் காதுக்குப் போவது ஒன்று. பின்சுவரில் பட்டுத் திரும்பிக் கேட்பவருக்கு வருவது வேறு. மூன்றையும் கேட்டுச் சீட்டில் எழுதினேன். எனக்குப் பிடித்தது கோல்டு பிராஸ் என்று பிறகு தெரிந்தது. மகளுக்கு எளிதாக ஊத வந்தது நிக்கல் சில்வர். ஆசிரியைக்கு மஞ்சள் பித்தளை. மூன்று பேருக்கு மூன்று முதலிடம். எந்த பீரோவைத் திறந்து எந்த சாம்பிளை எடுப்பது?

உலக அளவிலும் அப்படி ஒரு சாம்பிள் இல்லை. மைன்ஸ் நகரில் 1782-இல் தொடங்கிய அலெக்சாண்டர் பட்டறையின் 103, 1909-இலிருந்து வருகிறது. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் ஹார்ன் வரிசையில் நெடுங்காலமாகக் கேட்பது அந்தக் குரல். அமெரிக்காவில் 1937-இல் வந்த கான் 8டி ஹாலிவுட் பின்னணி இசைக்கு அடையாளமே ஆனது. வியன்னாக்காரர்களோ இரண்டையும் தொடாமல், பழைய மாதிரி ஒற்றை எஃப் ஹார்னையே இன்றும் வைத்திருக்கிறார்கள், அது கூடுதல் ஆபத்தான வாத்தியம் என்று தெரிந்தே. இங்கிலாந்தின் டென்னிஸ் பிரெய்ன் இளவயதில் பிரான்சின் ராவூ ஹார்னை வாசித்து, 1951-இல் அலெக்சாண்டருக்கு மாறினார். இசை நடத்துநர் கராயனோடு 1953-இல் அவர் பதிந்த மோட்சார்ட் கான்செர்ட்டோக்கள் இன்றும் விற்கின்றன. ஒவ்வோர் ஊரும் தன் காதுக்குள் ஒரு சாம்பிளை சீல் வைத்து வைத்திருக்கிறது.

அன்று இரவு ஊரிலிருந்து மச்சான் பேசினார். காம்பாக்டிங் பட்டறை நடத்துபவர். விலையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஏனுங் மாப்ள, இந்தக் காசுக்கு ஒரு வரிசைக்கே ஓவர்லாக் மெஷின் போட்டுப் போடலாமுங்களே. மீரட்டுல பேண்டு சாமான் பூராப் பண்றாங்க, அங்க கேட்டுப் பாத்தீங்களா?" என்றார். மீரட்டின் ஜாலி கோட்டி தெருக்களில்தான் நம் நாட்டுக் கல்யாணப் பேண்டுகளின் பித்தளை பிறக்கிறது என்பது அவருக்கும் தெரியும். மூன்று பேரும் மூன்றைச் சொல்வதை விளக்கினேன். அவர் உடனே சொன்னார்: "இதிலென்னங்க குழப்பம். கூட வாசிக்கறவங்க எந்த லாட்டுன்னு பாருங்க. பாடி ஒரு லாட்டு, கை ஒரு லாட்டுனா பீஸு ரிஜெக்டுதானுங்களே."

ஹார்னைக் கண்ணால்கூடப் பார்க்காத மனிதர் சொன்னது அது. ஆசிரியையிடம் சொன்னபோது, ஆமாம், அடுத்த சோதனை அதுதான் என்றார். கடையில் சில நாளுக்குத் தந்தனுப்புவார்கள். மூன்றையும் சங்கத்தின் ஒத்திகைக்குக் கொண்டுபோனோம். மகளோடு இன்னும் மூன்று பேர் ஹார்ன் வரிசையில். நால்வரும் ஒரே சுரத்தை ஒன்றாகப் பிடித்தார்கள்.

தனியாகக் கேட்டபோது என்னை மயக்கிய கோல்டு பிராஸ் அங்கே காணாமலே போயிற்று. மகளுக்கு இலகுவாயிருந்த நிக்கல் சில்வர் நால்வரில் தனித்து நின்றது, சட்டையில் வேறு ஷேடு கை வைத்தது போல. மஞ்சள் பித்தளையை எடுத்தபோது ஒலி சற்று அகன்றது. யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லை. அந்த வரிசையில் மூத்தவர், ஓய்வுபெற்ற பின்னல் மெஷின் மெக்கானிக், திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டினார்.

"உனக்கு ஊத சிரமமா இருக்கில்ல கண்ணு?" என்றேன். "பழகிக்கலாம்ப்பா. மத்தவங்க சத்தம் எனக்கு இதுலதான் கேக்குது" என்றாள். அதை வாங்கினோம்.

ஊரில் பார்த்த சாம்பிள் மேலிருந்து வரும். நம் வேலை அதற்கு ஈடுகொடுப்பது மட்டும். அந்த சாம்பிள் தைக்கப்பட்ட நூலில் நமக்குப் பங்கில்லை. இங்கே சாம்பிள் அந்த வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு ஆள் சேரும்போதும் கொஞ்சம் மாறுகிறது. என் மகளுக்கு நாலாவது ஹார்ன் கொடுத்திருக்கிறார்கள். அடித்தளச் சுரங்கள் அங்கேதான் அதிகம். இனி அந்த வரிசைக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தால், அது வாங்கப் போகும் ஹார்னை இவளுடைய ஹார்னோடும் சேர்த்துத்தான் ஒத்துப் பார்ப்பார்கள்.