சுசீந்திரத்துக்கு எந்த லென்ஸ்? 35-ஆ, 50-ஆ?

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் பேருந்தில் ஏறினால் சுமார் 6 கிலோமீட்டர்தான். பச்சை வயல், பழையாற்றுப் பாலம், தென்னைகளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் வெள்ளைக் கோபுரம். சுசீந்திரம் வந்துவிட்டது. இறங்கியதும் பாதிப் பேர் செய்யும் முதல் காரியம், போனை எடுத்து அண்ணாந்து ஒரு படம் பிடிப்பது. ஏழு நிலைக் கோபுரம், குளத்துக்கு நடுவே மண்டபம், காற்று ஓய்ந்த நேரத்தில் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் இன்னொரு கோபுரம். பகல் வெளிச்சத்தில் எந்தக் கருவியால் எடுத்தாலும் இந்த ஊர் அழகாகத்தான் விழும்.

சிக்கல் பொழுது சாய்ந்த பிறகு ஆரம்பிக்கிறது. சுசீந்திரமோ இருட்டிய பிறகுதான் களைகட்டும் ஊர். மார்கழித் திருவிழாவின் பத்து நாளும் வாகனங்கள் ராத்திரியில் வலம் வரும். மூன்றாம் திருநாளில் மக்கள்மார் சந்திப்பு. கோட்டாறு பிள்ளையாரும் வேளிமலை முருகனும் அம்மையப்பனைப் பார்க்க வருவார்கள். ஒன்பதாம் நாள் தேர். அன்றைக்கு நள்ளிரவில் சப்தாவர்ணம், பிள்ளைகள் விடைபெற்றுப் போகும் காட்சி. வாகனம் ஆடி ஆடி முன்னும் பின்னும் போகும்போது கூட்டத்தில் இருக்கும் ஆச்சிமார்களுக்குக் கண் கலங்கும். அந்த முகத்தைத்தான் படம் எடுக்கவேண்டும். ஆனால், கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸில் அது கலங்கலாகவே விழும். கண்ணீரால் அல்ல, கை நடுக்கத்தால்.

இப்படி இரண்டு திருவிழா ஏமாந்த வீடுகளில்தான் அடுத்த பேச்சு கிளம்புகிறது: ஒரு நல்ல லென்ஸ் வாங்கிவிடலாமா? பெரும்பாலான வீடுகளில் இது ஒருமுறைதான் நடக்கும். சேர்த்துவைத்த காசு ஒரு லென்ஸுக்குத்தான் வரும். தவறாக வாங்கினால் அது பீரோவுக்குள் போய்விடும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவைச் சொல்வது எஃப் எண். எண் சிறியதானால் துவாரம் பெரிது. கேமராவோடு வரும் ஜூம் லென்ஸை 55 மி.மீ. வரை இழுத்தால் அதன் துவாரம் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. ஜூமே இல்லாத, ஒரே தூர அளவு கொண்ட 'பிரைம்' லென்ஸ் எஃப்/1.8 வரை திறக்கும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்த விடையை அதாலேயே பெருக்கினால் 9.7 வரும். அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். ரதவீதியில் வாகனம் வரும்போது ஜூம் லென்ஸில் ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டியிருந்தால், பிரைமில் நூற்றைம்பதில் ஒரு பங்கு போதும். முன்னதில் தூக்கிவருபவரின் தோள் ஒரு கோடாக இழுபடும். பின்னதில் அவர் நெற்றி வியர்வைகூடத் தெரியும். குறைந்த நேரத்தில் படத்தைப் பிடித்துவிடுவதால்தான் இதற்கு 'ஃபாஸ்ட்' லென்ஸ் என்று பெயர்.

இருட்டில் பெரிய துவாரத்தின் மதிப்பு என்ன என்பதற்கு சினிமாவில் ஒரு உதாரணம் உண்டு. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வெளியான 'பேரி லிண்டன்' படத்தின் சில காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். அதற்கு அவர் தேடிப் பிடித்தது, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. எஃப்/0.7 லென்ஸை. சுசீந்திரத்துத் தீவட்டிக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். எஃப்/1.8 போதும். பெரிய நிறுவனங்களின் பட்டியலில் மிக விலை குறைந்த லென்ஸ்களில் 50 மி.மீ. எஃப்/1.8-ம் ஒன்று என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல செய்தி.

'என் போனிலும்தான் எஃப்/1.8 என்று போட்டிருக்கிறதே' என்று வீட்டில் ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். நியாயமான கேள்வி. எண் ஒன்றுதான், ஆனால் வெளிச்சம் விழும் சென்சார் போனில் பல மடங்கு சிறியது. சொம்பு வாயும் அண்டா வாயும் முழுதாகத் திறந்திருந்தாலும் மழையில் சேரும் தண்ணீர் ஒன்றாகிவிடுமா? அந்தக் குறையை ஈடுகட்டத்தான் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. கோபுரம் அசையாது, அதனால் ஒட்டு தெரியாது. வாகனம் அசையும்.

சரி, பிரைம் என்று முடிவாகிவிட்டது. 35 மி.மீ.-ஆ, 50-ஆ? கடையில் கேட்டால் பெரும்பாலும் 50-ஐத்தான் எடுத்து வைப்பார்கள். விலையும் குறைவு, பெயரும் பெரிது. அந்தப் பெயருக்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன். 1950 ஏப்ரலில் அவர் தமிழகத்தில் இருந்தார். புதுச்சேரியில் அரவிந்தரைப் படம் எடுத்தார். திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாள்களில் ஆசிரமத்தில் இருந்தார். சின்ன லைக்கா கேமரா, பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ். வாழ்நாள் முழுக்க அவர் அதிகம் நம்பியது அந்த அளவைத்தான்.

ஆனால், அவர் கேமராவில் இருந்தது 36 மி.மீ. அகல ஃபிலிம். இன்று வீடுகளில் அதிகம் இருக்கும் கேமராக்களின் சென்சார் அகலம் சுமார் 23 மி.மீ.தான். அதில் 50-ஐ மாட்டினால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் போலக் காட்சி குறுகிவிடும். கார்ட்டியே-பிரெஸ்ஸோன் பார்த்த அகலத்தை இந்தக் கேமராவில் பார்க்கவேண்டுமென்றால் மாட்டவேண்டியது 35. இதைச் சொல்லாமல் விற்கப்பட்ட 50-கள்தான் பீரோக்களில் தூங்குகின்றன.

சுசீந்திரத்தில் நின்று அளந்து பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். கோபுரத்தின் உயரம் 134 அடி என்பார்கள், ஏறக்குறைய 41 மீட்டர். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து அதை முழுதாக அடக்க, 35-க்கு 60 மீட்டராவது பின்னால் போகவேண்டும். 50-க்கு 85 மீட்டரைத் தாண்டவேண்டும். சந்நிதித் தெருவில் பேருந்துக்கும் பூக்கடைக்கும் நடுவே அவ்வளவு பின்வாங்குவது லேசான காரியமில்லை. குளத்தின் எதிர்க்கரைக்குப் போய்விட்டால் இரண்டுமே சமாளிக்கும். கோபுரம் கிழக்கு பார்த்தது, ஆகவே காலை வெயிலில்தான் அதன் சுதைச் சிற்பங்களுக்கு உயிர் வரும். மாலையில் எதிரே நின்று எடுத்தால் வெறும் கறுப்பு நிழல்தான்.

கோபுரத்தை விடுங்கள், அது தபால் அட்டையிலேயே இருக்கிறது. வீட்டுக்குள் வருவோம். நாஞ்சில் நாட்டுப் பழைய வீட்டின் உள்ளறை பத்துக்குப் பத்து இருந்தால் பெரிது. அதில் ஆச்சியை உச்சி முதல் பாதம் வரை ஒரு படம் எடுக்க 35-க்கு எட்டரை அடி தள்ளி நின்றால் போதும். 50-க்குப் பன்னிரண்டு அடி வேண்டும், அதாவது சுவரை இடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகவேண்டும். திருவிழாவுக்கு வந்த சொந்தமெல்லாம் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். படம் எடுப்பவர் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு நடையில் நிற்பார்.

அதற்காக 50-ஐ ஒதுக்கிவிட முடியாது. கூட்டத்துக்கு நடுவே நின்று, நாலு தலை தள்ளி விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு முகத்தைத் தனியாகப் பிடிக்க அதுதான் சரி. அருகில் போய் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டவேண்டாம், அவர்களும் சங்கடப்பட வேண்டாம். நெருங்கி எடுத்தால் மூக்கைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் வேலையும் அதில் குறைவு. ஆக, வீட்டையும் தெருவையும் எடுப்பவருக்கு 35, முகங்களை மட்டுமே தேடுபவருக்கு 50. அன்றாடத்துக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால், சின்ன சென்சார் கேமராவுக்கு 35-தான் முந்துகிறது. 36 மி.மீ. சென்சார் உள்ள கேமரா என்றால் 50-ஐ யோசிக்காமல் வாங்கலாம்.

காசு கொடுக்கும் முன் இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கையிலிருக்கும் ஜூம் லென்ஸை 35-ல் நிறுத்தி, வளையம் நகராதபடி ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடவேண்டும். ஒரு முழு நாள் அதோடு மட்டும் சுசீந்திரத்தைச் சுற்றவேண்டும். மறுநாள் 50-ல் நிறுத்தி அதே சுற்று. எந்த நாளில் கால் அதிகம் திண்டாடியது என்று உடம்பே சொல்லிவிடும். பழைய படங்களிலும் பதில் இருக்கிறது. ஒவ்வொரு படத்தோடும் அது எத்தனை மி.மீ.-ல் எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருக்கும். நூறு படங்களைத் திறந்து பார்த்தால் கை தானாக எங்கே போகிறது என்று தெரியும்.

வாங்கியவர்கள் முதல் வாரத்தில் தவறாமல் செய்வது, எல்லாவற்றையும் எஃப்/1.8-லேயே எடுப்பது. பின்னணி பஞ்சாகக் கரைவது பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால், 50 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். ஆச்சியின் கண் தெளிவாக இருக்கும், அவர் தோளில் சாய்ந்த பேத்தி மங்கிப்போவாள். 35-ல் இந்த ஆழம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியும் இரண்டு பேர் என்றால் எஃப்/2.8, வரிசையாக நாலைந்து பேர் என்றால் எஃப்/4 என்று மூடிக்கொள்வது நல்லது.

பழைய லென்ஸ் வாங்குபவர்களுக்கு இந்த மாவட்டத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊர், கடலும் பக்கம். ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரியும். தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நல்ல லென்ஸையும் தோல் பைக்குள் அடைத்து வைக்கக்கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பதே பாதுகாப்பு. இன்னொன்று, நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் பழைய 50 மி.மீ. எஃப்/1.8 'டி' வகை லென்ஸை அதில் மாட்டினால் ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருகவேண்டும். ஏ.எஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

எந்த லென்ஸ் வாங்கினாலும் கோயில் வாசலோடு அதன் வேலை முடிந்தது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்கும் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சுசீந்திரத்துக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது. இங்கே இரவுப் பூஜையை இந்திரன் வந்து செய்வதாக ஐதீகம். உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று அர்ச்சகர்கள் சத்தியம் செய்துகொள்வது மரபு என்பார்கள். அரியும் அரனும் அயனும் ஒரே லிங்கமாக நிற்கும் தாணுமாலயனையும், 18 அடி ஆஞ்சநேயரையும் கண்ணால்தான் வாங்கிவர வேண்டும். தட்டினால் சுரம் எழுப்பும் இசைத்தூண்களை எடுத்துத்தான் என்ன, ஓசை படத்தில் வரவா போகிறது?

கோயிலுக்கு வெளியே படம் எடுக்க இடமா இல்லை? பூ கட்டும் கைகள், ரதவீதியில் நிற்கும் தேர்ச் சக்கரம், குளத்துப் படியில் கால் நனைக்கும் பிள்ளைகள். பக்கத்திலேயே தேரூர்க் குளம், சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம் என்று 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மட்டும் இந்த லென்ஸை நம்பிப் போகவேண்டாம். நாரை ஒரு புள்ளியாகத்தான் விழும். பறவைக்குத் தொலைநோக்கியே உத்தமம்.

சித்திரையில் வந்தால் தெப்பம். விளக்குகள் ஜொலிக்க, குளத்துக்குள் அது மெதுவாகத்தான் நகரும். 35 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8, ஷட்டர் அறுபதில் ஒரு பங்கு, முழங்கையை விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து ஒரு கிளிக். கரையில் முன்வரிசை இடம் பிடிக்க மட்டும் சாயங்காலமே வந்துவிடவேண்டும்.